முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவதை நார்மலுக்கு விட்டுப் பார்க்கலாமா? பாலக்காடு – பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வீடு கேரளத்தில், கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு, அப்படி ஓர் இடம். மூத்தவனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தான். வலி தானாக வந்து, கர்ப்பப்பை வாய் நாலு விரல் திறந்த பிறகு, குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோய் சிசேரியன் செய்துவிட்டார்கள். இப்போது எனக்கு 31 வாரம். இங்கே பார்க்கிற டாக்டரம்மா முதல் செக்கப்பிலேயே "முன்னாடி சிசேரியன் அல்லவா, 38 வாரத்தில் எடுத்துவிடலாம்" என்று சீட்டில் எழுதிவிட்டார். ஏன் நார்மலுக்குப் பார்க்கக்கூடாது என்று கேட்டால் "ரிஸ்க்" என்பதோடு பேச்சு முடிந்தது. மாமியார் அதற்குள் ஜோசியரிடம் நாள் கேட்கக் கிளம்பியாச்சு.

போன தடவை ஆபரேஷனுக்கு அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கவே பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை பச்சைக் குழந்தையோடு, இடுப்பில் ஏறத் துடிக்கிற ஒரு பையனும் இருப்பான். விபேக் என்று ஒன்று இருக்கிறதாம், சிசேரியனுக்குப் பிறகும் சுகப்பிரசவம் ஆகுமாம். யாராவது ஆகியிருக்கிறீர்களா? எங்கே போனீர்கள்? பயமுறுத்தினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

ரெண்டுதையல்:
எனக்கு இரண்டுமே சிசேரியன் தங்கச்சி. ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் தடவை பட்டதை வைத்து இரண்டாவதை எடை போடாதீர்கள். முதலில் உங்களுக்கு வலியும் பட்டு, அப்புறம் அவசர ஆபரேஷனும் நடந்திருக்கிறது, இரண்டு அவஸ்தையும் ஒரே உடம்பில். நாள் குறித்துப் போய்ப் படுத்து எடுப்பது வேறு மாதிரி. எனக்கு இரண்டாவதில் மறுநாளே எழுந்து நடந்தேன், சாயங்காலம் காபி கேட்டுக் குடித்தேன். நார்மல் ஆனால்தான் பெருமை, கத்தி பட்டால் குறை என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், அந்தப் பேச்சுக்காக இதில் இறங்க வேண்டாம். உங்களுக்கே ஆசை என்றால் அது வேறு.

மீனாட்சிபுரத்தான்:
என் மனைவிக்குப் போன வருடம் இதே விபேக் நடந்தது, அதனால் எழுதுகிறேன். முதல் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் சிசேரியன். இரண்டாவது நார்மல். ஆனால் அதற்காக டாக்டரை மாற்றினோம், ஊரை மாற்றினோம். எங்கள் பக்கத்தில் இருக்கிற சின்ன மருத்துவமனையில் ஆள் நல்லவர்கள்தான், கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய டாக்டர், ஆனால் ராத்திரியில் மயக்க மருந்து டாக்டரை போன் போட்டுக் கூப்பிட வேண்டும், அவர் பொள்ளாச்சியில் இருந்து வர வேண்டும். ரத்தமும் வெளியில் இருந்துதான். "என்னிடம் இந்த வசதி இல்லை, அதனால் நான் முயற்சி செய்ய மாட்டேன், நீங்கள் கோவைக்கோ திருச்சூருக்கோ போங்கள்" என்று அவரே சொன்னார். அப்படிச் சொன்னதுக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி.

அப்புறம் 37 வாரத்திலேயே கோவையில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். வலி வந்த பிறகு இங்கிருந்து கிளம்பலாம் என்று என் அப்பா சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் லாரி வரிசை எங்கே நம்மை நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும். மருத்துவமனையில் இருந்து பத்து நிமிடத்தில் வீடு, அதனால்தான் நிம்மதியாகத் தூங்கினோம்.

லேபர்ரூம்_சிஸ்டர்:
நான் டாக்டர் இல்லை, பாலக்காட்டுப் பக்கம் லேபர் ரூமில் பல வருடம் நிற்கிற நர்ஸ். சித்தூர் தாலுக்காக்காரி, அதனால் தமிழ். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், முடிந்தால் ஆபரேஷன் நோட்ஸையும் எடுங்கள். வயிற்றில் வெளியே தெரிகிற தழும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிறையப் பேர் "எனக்குக் கீழே குறுக்கு வெட்டுதான்" என்று காட்டுவார்கள், அது தோல். தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பது எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். பெரும்பாலும் "எல்.எஸ்.சி.எஸ்." என்று இருக்கும், அதாவது கர்ப்பப்பையின் கீழ்ப் பாகத்தில் வெட்டி எடுத்தது. அது குறுக்கு வெட்டாக, ஒரே ஒரு தடவையாக இருந்தால் விபேக்குக்குப் பேச்சு தொடங்கலாம். "கிளாசிக்கல்" (மேல்பாகத்தில் நெடுக வெட்டியது) என்றோ, "தலைகீழ் டி" மாதிரி வெட்டு நீண்டது என்றோ எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அந்தத் தழும்பு வலியில் விட்டுப்போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஃபைப்ராய்டு கட்டி எடுத்து கர்ப்பப்பை ஆழமாக வெட்டுப்பட்டவர்கள், முன்னே ஒரு முறை கர்ப்பப்பை கிழிந்தவர்கள், இவர்களுக்கும் வேண்டாம்.

அடுத்தது, முதல் சிசேரியன் எதற்காக. குழந்தை தலை திரும்பாததுக்காகச் செய்தது என்றால் அந்தக் காரணம் இந்தத் தடவை பெரும்பாலும் இருக்காது, நார்மல் ஆகும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-ல் போட்ட வழிகாட்டியில் அப்படிப்பட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆகிறது, குழந்தைக்குத் துடிப்பு குறைந்ததால் செய்தவர்களுக்கு 73, வலி வந்தும் திறக்காமலோ தலை இறங்காமலோ நின்றுபோனவர்களுக்கு 64 என்று சொல்கிறார்கள். மொத்தமாக எடுத்தால் 72-ல் இருந்து 75 சதவீதம். வேலந்தாவளம்காரி, நீங்கள் நடுவில் வருகிறீர்கள், அதுவும் தானாக வலி வந்து நாலு விரல் வரை போயிருக்கிறீர்கள். ஒரு நார்மல் ஏற்கெனவே ஆனவர்களுக்கு 85, 90 வரை போகும்.

இனி டாக்டரம்மா ஒரே வார்த்தையில் சொன்ன ரிஸ்க் என்ன என்பது. வலி வரும்போது பழைய தழும்பு இருக்கிற இடத்தில் கர்ப்பப்பை கிழிவது. கீழ்ப் பாகத்தில் ஒரு தழும்பு உள்ளவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கு. குழந்தையை உடனே வெளியே எடுக்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும், சில பேருக்குக் கர்ப்பப்பையே எடுக்க வேண்டி வரும். அதனால்தான் மீனாட்சிபுரத்தண்ணன் சொன்னது முக்கியம். "நார்மல் பார்ப்பீங்களா" என்று டாக்டரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தியேட்டர் திறந்திருக்குமா, மயக்க மருந்து டாக்டர் வளாகத்துக்குள் இருப்பாரா, என் குரூப் ரத்தம் கையில் இருக்குமா, குழந்தை டாக்டர் இருப்பாரா, முடிவு எடுத்ததில் இருந்து குழந்தை வெளியே வர எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் விபேக் வேண்டாம், அங்கே உங்கள் டாக்டரம்மா சொல்கிற சிசேரியன்தான் சரி.

இயற்கைவழி:
இதெல்லாம் வியாபாரம் சகோதரி. நம் பாட்டிகள் பத்துப் பெற்றார்கள், எந்த ஸ்கேன் எந்த தியேட்டர்? நார்மல் என்றால் ஒரு தொகை, சிசேரியன் என்றால் மூன்று மடங்கு, இதுதான் கணக்கு. எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா வீட்டிலேயே வந்து பார்ப்பார், சிசேரியன் ஆனவர்களுக்கும் பார்த்திருக்கிறார்.

லேபர்ரூம்_சிஸ்டர்:
பத்துப் பெற்ற பாட்டிகளுக்குக் கர்ப்பப்பையில் தழும்பு இல்லை. பத்தில் எத்தனை தங்கியது, எத்தனை பாட்டி பிரசவத்திலேயே போனாள் என்றும் வீட்டில் விசாரியுங்கள். சிசேரியன் ஆனவரை வீட்டில் வைத்துப் பிரசவம் பார்ப்பதை இங்கே யாரும் யோசிக்கவே வேண்டாம். 2025 ஏப்ரலில் மலப்புரம் மாவட்டத்தில் ஐந்தாவது பிரசவத்தை வீட்டிலேயே பார்த்து ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்து, கணவர் கைதானதைப் படித்திருப்பீர்கள். அந்தக் கதை போதும்.

மீனாட்சிபுரத்தான்:
வீட்டுப் பிரசவம் பற்றி சிஸ்டர் சொன்னதோடு முடிந்தது. ஆனால் வியாபாரம் என்று இயற்கைவழி சொன்னதை முழுதாகத் தள்ளவும் மனம் வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சிசேரியன் இந்தியா முழுக்க 21.5 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9, கேரளத்தில் 38.9, ஆந்திரத்தில் 42.4, தெலங்கானாவில் 60.7. எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பெரிய வித்தியாசம் இல்லை. நம் தெருவில் பாதிப் பேருக்கு முதல் பிரசவமே சிசேரியன் என்றால், இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வரத்தானே செய்யும்.

நெம்மாறை_வாசகன்:
நடுவில் ஒரு பழைய கதை, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். "ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற பேச்சு 1916-ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் சொன்னது. அவர் சொன்ன காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெடுக வெட்டுவார்கள், அந்தத் தழும்பு அடுத்த வலியில் தாங்காது, அதனால் முதல் சிசேரியனையே யோசித்துச் செய்யுங்கள் என்று எச்சரிக்கத்தான் அப்படிச் சொன்னார். 1920-களில் கிளாஸ்கோவில் மன்ரோ கெர் கீழ்ப்பாகத்தில் குறுக்கே வெட்டுகிற முறையைப் பரப்பினார், தழும்பு உறுதியானது. வெட்டு மாறியது, பேச்சு மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவில் 1980-க்கு அப்புறம் விபேக்குக்கு ஊக்கம் கொடுத்து, 1996-ல் முன்பு சிசேரியன் ஆனவர்களில் 28 சதவீதம் வரை போனது. ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் செய்து, வலிக்கு மருந்தும் தாராளமாகக் கொடுத்து, கிழிசல்கள் வந்து, வழக்குகள் வந்து, 2006-க்குள் 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. ஆக, இதில் வெறியும் கூடாது வெறுப்பும் கூடாது என்பது என் எண்ணம், கேட்காமலே சொல்கிறேன்.

வேலந்தாவளம்காரி:
சிஸ்டர், சம்மரி கிடைத்தது, பையனின் தடுப்பூசி அட்டையோடு மாமனார் பீரோவில் இருந்தது. எல்.எஸ்.சி.எஸ்., காரணம் "ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்", குழந்தை எடை 2.9 கிலோ. ஆபரேஷன் நோட்ஸ் தனியாக இல்லை, வெட்டு குறுக்கா என்று சம்மரியில் இல்லை, அந்த மருத்துவமனையில் எழுதிக் கேட்டால் தருவார்களாம், கணவர் போயிருக்கிறார். இங்கே டாக்டரம்மாவிடம் நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்படவில்லை, "ராத்திரி அனஸ்தீசியா எனக்குக் கிடைக்காது மோளே" என்று நேராகவே சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் முறைத்துக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

இப்போது குழப்பம் வேறு. கோவையா, திருச்சூர் மெடிக்கல் காலேஜா? அப்புறம், நாள் தள்ளிப்போய் வலி வராவிட்டால் என்ன செய்வார்கள்? மாமியார் விளக்கெண்ணெய் எடுத்து வைத்திருக்கிறார்.

கொல்லங்கோட்டு_அத்தை:
விளக்கெண்ணெயை விளக்குக்கே விடச் சொல்லு கண்ணு. எங்கள் காலத்தில் நானும் குடித்தவள்தான், பேதியானதுதான் மிச்சம்.

உன் மாமியார் நாள் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, நானும் என் மகளுக்குப் பார்த்தவள். ஆனால் நல்ல நட்சத்திரம் என்று 37 வாரத்திலேயே எடுத்துவிட்டு, குழந்தை மூச்சுத் திணறி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடம் என்று கிடந்ததை எங்கள் சொந்தத்திலேயே பார்த்தேன். ஜாதகம் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொன்று யாரும் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், நான் சொல்கிறேன். நம் வீடுகளில் இரண்டாவதும் சிசேரியன் வேண்டும் என்று பெரியவர்கள் நிற்பதற்குப் பாதிக் காரணம் குடும்பக் கட்டுப்பாடு. வயிற்றைத் திறந்ததோடு அதையும் முடித்துவிடலாம், இன்னொரு தடவை படுக்க வேண்டாம் என்று.

லேபர்ரூம்_சிஸ்டர்:
அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு. லேபர் ரூம் வாசலில் தினமும் கேட்கிற பேச்சு. ஆனால் நார்மல் ஆனாலும் பிரசவம் முடிந்து ஒரு வாரத்துக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில் அதைச் செய்துவிடலாம், பெரிய ஆபரேஷன் இல்லை. அதற்காக மட்டும் சிசேரியன் கேட்க வேண்டியதில்லை. கணவர் செய்துகொள்வது அதைவிடச் சின்ன வேலை, அதைச் சொன்னால் வார்டே சிரிக்கும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் இந்தப் பேச்சில் யோசிக்க ஒரு விஷயமும் இருக்கிறது. சிசேரியன் ஒவ்வொன்று கூடும்போதும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா) கீழே அமைந்து தழும்பில் ஒட்டிக்கொள்கிற ஆபத்து ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது வேண்டும் என்கிறவர்கள் விபேக்குக்கு முயல்வதில் அதனால் பெரிய லாபம் உண்டு. இரண்டோடு போதும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அந்த லாபம் கிடையாது. அவர்களும் முயலலாம், காரணம் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

எண்களையும் வைக்கிறேன், அதே பிரிட்டன் வழிகாட்டியில் உள்ளவை. தாய் இறப்பு, நார்மலுக்கு முயல்பவர்களில் லட்சத்தில் 4, திட்டமிட்ட மறு சிசேரியனில் லட்சத்தில் 13. பிரசவத்தை ஒட்டிக் குழந்தை இறப்பது, முயல்பவர்களில் பத்தாயிரத்தில் 4, திட்டமிட்ட சிசேரியனில் பத்தாயிரத்தில் 1. அந்த 4 என்பது தலைச்சன் பிரசவத்துக்கு வருகிற எந்தப் பெண்ணுக்கும் உள்ள அளவுதான். பிறந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது சிசேரியன் குழந்தைகளுக்கு அதிகம், அதனால்தான் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுக்க வேண்டாம் என்பது. உங்களுக்கு 38 என்று எழுதியிருக்கிறார்கள், சிசேரியன்தான் என்று முடிவானாலும் அந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

நாள் தள்ளிப்போனால்: தானாக வலி வருவதுதான் நல்லது. மருந்து வைத்து வலி வரவழைத்தால் தழும்பு கிழிகிற வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு ஆகும். வாயிலோ கீழேயோ வைக்கிற மிசோப்ரோஸ்டால் மாத்திரை, தழும்பு உள்ளவர்களுக்குக் கடைசி மாதங்களில் கூடாது. சில இடங்களில் ஃபோலி குழாயின் பலூனை வைத்து மெதுவாகத் திறக்க வைப்பார்கள், அதில் ஆபத்து குறைவு. டிரிப்பில் வலியைக் கூட்டுகிற ஆக்ஸிடோசின் போடுவதையும் பெரிய டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டும், டூட்டியில் இருக்கிற யாரோ வேகத்தைக் கூட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. நாள் கடந்தால் இதில் எது செய்வார்கள், எப்போது சிசேரியனுக்குப் போவார்கள் என்று இப்போதே பேசி எழுதி வாங்குங்கள்.

தத்தமங்கலத்துப்பெண்:
இங்கே வெற்றிக் கதை வந்துவிட்டது, என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். முயற்சி செய்து, முடியாமல், மறுபடி சிசேரியன் ஆனவள் நான். வலி தானாக வந்தது, நல்ல மருத்துவமனை, வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பை ஓயாமல் பார்த்தார்கள், அவசரத்துக்கு என்று கையில் டிரிப் ஊசி குத்தி வைத்திருந்தார்கள், ரத்தம் ரெடி. கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் வரை திறந்து அங்கேயே நின்றுவிட்டது. குழந்தை 3.8 கிலோ இருந்தான், பிறந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் வந்து, "இனிமேல் காத்திருந்தால் தழும்புக்கு நல்லதில்லை, எனக்கு மனசில்லை" என்றார். சரி என்றேன்.

வலி பட்டு அப்புறம் ஆபரேஷன் ஆனதால் ரெண்டுதையல் அக்காவுக்கு இரண்டாவதில் இருந்த சுகம் எனக்கு இல்லை, தேறக் கொஞ்சம் அதிக நாள் ஆனது, தையல் இடத்தில் சீழ் பிடித்து ஆன்டிபயாடிக் போட்டார்கள். முயற்சி செய்கிறவர்கள் நாலில் ஒருவர் என் மாதிரி முடிவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள். வருத்தம் உண்டா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இல்லை. யாரும் எனக்காக முடிவு செய்யவில்லை, அந்தத் திருப்தி இருக்கிறது. ஆனால் மாமியார் வீட்டில் "அப்பவே சொன்னோம்" என்பதை ஆபரேஷன் முடிந்த நாள் முதல் பேர் சூட்டும் வரை கேட்க வேண்டி வந்தது, அதற்கு எந்த வழிகாட்டியிலும் மருந்து இல்லை.

ரெண்டுதையல்:
தத்தமங்கலம், நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் சொல்ல வந்தேன், நீங்கள் இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். சிஸ்டர், கிழிகிறது என்றால் தாய்க்கு முன்கூட்டியே தெரியுமா? என் நாத்தனாருக்கு இரண்டாவது சிசேரியனில் திறந்து பார்த்தபோது தழும்பு கண்ணாடிப் பேப்பர் மாதிரி இருந்தது, நல்ல வேளை வலி வரவில்லை என்றார்களாம்.

லேபர்ரூம்_சிஸ்டர்:
உங்கள் நாத்தனாருக்கு நடந்தது தையல் மட்டும் விட்டு, மேலே சவ்வு முழுதாக இருப்பது. தாய்க்கும் தெரியாது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது, திறந்தால்தான் தெரியும். அதையும் முழுக் கிழிசலையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பயம் கூடுகிறது. ஸ்கேனில் தழும்பின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்வார்கள், மிக மெல்லியதாக இருந்தால் டாக்டர் யோசிப்பார், ஆனால் இவ்வளவுக்கு மேல் இருந்தால் பத்திரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. அந்த ஓர் எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

முழுக் கிழிசலில் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் துடிப்புதான். அதனால்தான் பெல்ட்டைக் கழற்ற விடமாட்டோம், "சிஸ்டர் கொஞ்சம் நடக்கிறேனே" என்றால் முறைப்போம், கோபிக்காதீர்கள். அப்புறம் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் வயிறு தளர வேண்டும், தளர்ந்த நேரத்திலும் தழும்பு இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் உடனே சொல்லுங்கள். வலி திடீரென்று நின்றுபோவது, ரத்தம் படுவது, சிறுநீரில் ரத்தம், நாடி வேகமாக ஓடுவது, தோள்பட்டையில் வலி, இறங்கியிருந்த தலை மேலே போவது, இவை மற்றவை. முதுகில் ஊசி போட்டு வலி குறைக்கிற எபிடியூரல் வேண்டும் என்றால் வாங்கலாம், அது கூடாது என்பது பழைய பேச்சு.

வீட்டில் இருக்கும்போது பனிக்குடம் உடைந்தாலோ வலி தொடங்கினாலோ "இன்னும் நேரம் இருக்கு, குளித்துவிட்டுப் போகலாம், சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம்" என்பது தழும்பு உள்ளவர்களுக்குக் கிடையாது, நேரே கிளம்ப வேண்டும்.

கோவையா திருச்சூரா என்பதற்கு நான் பேர் சொல்ல மாட்டேன். உங்களைப் பிரசவத்துக்கு முன்பு வைத்துக்கொள்ள எந்த ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். அரசு மருத்துவமனை என்றால் கர்ப்பத்தை ரெஜிஸ்டர் செய்தபோது கொடுத்த ஆர்.சி.எச். (தாய்-சேய் நலப் பதிவு) எண்ணைக் கையில் வைத்திருங்கள், மாநிலம் மாறும்போது கேட்பார்கள். மலையாளத்தில் எழுதின செக்கப் விவரங்களைக் கோவையில் படிக்கத் தெரியாமல் முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன், டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

வேலந்தாவளம்காரி:
கோவைதான், சித்தி வீடு சிங்காநல்லூரில் இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். மாமியாருக்குத் தத்தமங்கலத்துப்பெண் எழுதியதையும் மீனாட்சிபுரத்தண்ணன் எழுதியதையும் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "ரெண்டும் சரியாத்தானே இருக்கு" என்றார். விளக்கெண்ணெய் பாட்டில் மட்டும் இன்னும் அலமாரியில்தான்.

குப்பத்து_மருமகள்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஆந்திரா பக்கம், குப்பம். எனக்கு ஏற்கெனவே இரண்டு சிசேரியன், இப்போது மூன்றாவது 22 வாரம். இரண்டு ஆனவர்களுக்கும் விபேக் உண்டா சிஸ்டர்? ஸ்கேனில் "நஞ்சு கீழே, முன்பக்கம்" என்று தெலுங்கில் டாக்டர் ஏதோ சொன்னார், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

லேபர்ரூம்_சிஸ்டர்:
குப்பத்து மருமகளே, உங்கள் முதல் கேள்வியை விடுங்கள், இரண்டாவது விஷயம்தான் பெரிது. இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு, எல்லாம் சரியாக இருந்தால், சில பெரிய மருத்துவமனைகளில் முயல்வார்கள், 70 சதவீதம் போல ஆகிறது, கிழிகிற வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தால் நார்மல் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

22 வாரத்தில் கீழே இருக்கிற நஞ்சு பலருக்கு வயிறு பெரிதாகும்போது மேலே போய்விடும், அதனால் 32 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். முன்பக்கம், கீழே, அதுவும் தழும்பு இருக்கிற இடம் என்பதால் உங்கள் விஷயத்தில் சும்மா காத்திருக்கக் கூடாது. நஞ்சு வாயை மூடிக்கொண்டும் இருந்து, மூன்றாவது சிசேரியனும் நடக்கிறவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு அது தழும்போடு ஒட்டி வளர்ந்திருந்தது என்று அமெரிக்காவில் 2006-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் ரத்தம், பெரிய டாக்டர், சிறுநீர்ப்பையைப் பார்க்கிற டாக்டர் எல்லோரையும் வைத்துத் திட்டம் போட்டு எடுப்பார்கள். தெரியாமல் தாலுக்கா மருத்துவமனையில் திறந்தால்தான் கஷ்டம்.

நீங்கள் கேட்க வேண்டியது, நஞ்சு தழும்பின் மேல் இருக்கிறதா, உள்ளே ஊடுருவியிருக்கிறதா என்று கலர் டாப்ளர் ஸ்கேன். சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. சொல்வார்கள். நடுவில் வலியில்லாமல் ரத்தம் பட்டால் அது கொஞ்சமாக இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று கிடையாது. உங்களுக்கு வேலூரும் பெங்களூரும் எட்டுகிற தூரம்தானே. இரண்டு பழைய சம்மரியையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே ஒரு தடவை போய்க் காட்டுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பிளசென்டா" என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே தட்டிப் போடுங்கள், தெலுங்கில் சொன்னது வேண்டாம், எழுதியிருப்பதைப் போடுங்கள். நாளை எனக்கு நைட், மறுநாள் காலையில் பார்த்துப் பதில் போடுகிறேன்.